மாகறற் பலாவும் மன்னவன் கோலும்

பிறரை நடத்தும் பொறுப்பு உடையார் உள்ளத்தில் இரண்டு விழைவுகள் எழுதல் இயல்பு. தம் சொல் தடையின்றி நடைபெறல் வேண்டும் என்பது ஒன்று. தம்மை எல்லாரும் விரும்புதல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒருவர்பால் ஒருங்கு நிற்றல் அரிதினும் அரிது. வேண்டியதை வேண்டியாங்கு அளிப்பவர் விரும்பப்படுவர். ஆயின் நாளடைவில் அவர் சொல் ஏறாது. முறை கடவாது நிற்பவர் சொல் ஏறும்; ஆயின் அவர் வரும் வழியில் நிற்போர் விலகிச் செல்வர். வேந்தர்க்கு மாத்திரமன்று, திருமடத்துத் தலைவர்க்கும், திருக்கோயில் அறங்காவலர்க்கும், மாணாக்கரைத் திருத்தும் ஆசிரியர்க்கும், இல்லத்தின்கண் தந்தைக்கும் இவ்விடர்ப்பாடு உண்டு. ஆகலின் இது அரசியல் நூலார் ஆராய்தற்குரியது, சைவர்க்கு இதனோடு இயைபில்லை என ஒதுக்குதல் பொருந்தாது. தொண்டைநாட்டுப் பாடல்பெற்ற தலங்களுள் ஒன்றன் வரலாறு இவ்வினாவையே தன் உயிராகக் கொண்டு நிற்கின்றது. அத்தலம் திருமாகறல் என்க.

காஞ்சிபுரத்தினின்று உத்தரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றின் கரையில் மாகறல் உள்ளது. திருஞானசம்பந்த சுவாமிகள் அருளிய பதிகம் மூன்றாந் திருமுறையில் எழுபத்திரண்டாவதாக, சாதாரிப் பண்ணில் அமைந்துள்ளது. இறைவன் திருநாமம் திருமாகறலீசுவரர். அடைக்கலங் காத்த நாதர் என்பதும் அவர்க்குரிய பெயர். இறைவி திரிபுவனநாயகி. இலிங்கத் திருமேனி உடும்பின் வால்போன்ற வடிவினது. அவ்வடிவிற்குக் காரணமாகத் தலவரலாறு கூறுவது ஓர் அரசனுடைய கதை.

பிரமதேவர் நட்டு வழிபட்ட பலா ஒன்று அவ்வூரில் இருந்தது. நாள்தோறும் ஒரு கனியை அது தவறாது அளித்துவந்தது. இராசேந்திர சோழன் என்னும் வேந்தன் இதனைக் கேட்டு, அக்கனியை நாள்தோறும் தில்லைக்குக் கொணர்ந்து அம்பலவாணர்க்கு நிவேதித்து, அப்பிரசாதத்தைத் தனக்குச் சேர்ப்பித்தல் வேண்டும் என ஆணை பிறப்பித்தான். ஊரவர் வீட்டுக்கு ஒருவராக முறைவைத்துத் தலைச்சுமையாகச் சுமந்து சென்றனர். ஒருநாள் ஓர் அந்தணச் சிறுவனது முறை வந்தது. சுமை உளதாதற்குக் காரணம் மரம் உளதாதலே எனக் கண்ட அச்சிறுவன் மரத்திற்குத் தீயிட்டான். செய்தி அறிந்த வேந்தன் அவனை அழைத்து வினாவ, குடிகளின் துன்பத்தைப் போக்கவேண்டிய மன்னனே அதற்குக் காரணமாயினமையின் இது செய்தேன் என்னும் கருத்துப்பட அவன் அஞ்சாது விடை கூறினான். வேந்தன் அவனைக் கொல்லவுமில்லை, மன்னித்து விடவுமில்லை. கண்ணைக் கட்டி நாடு கடத்துவித்தான். இதன்மேல் நிகழ்ந்தது பின்னர்க் கூறப்படும்.

ஈண்டுச் சிறிது நின்று ஆராய்தல் வேண்டும். இக்கதையில் வரும் வேந்தன் கொடுங்கோலன் அல்லன். அவன் கேட்டது பொன்னன்று, பெண்டிர் அன்று, பகைவர் தலையன்று. கூத்தப்பெருமானுக்கு ஒரு கனி. அன்பு இல்லாதவன் அவ்வாறு கேளான். ஆயினும் மாகறலுக்கும் தில்லைக்கும் இடையே 150 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவு உண்டு. இடையே தென்பெண்ணையும் கெடிலமும் குறுக்கிடும். முட்புறத்தோடு கூடிய முற்றிய பலாக்கனி எளிதிற் பத்துக் கிலோவிற்கு மேல் நிறுக்கும். கனி நாள்தோறும் பழுப்பது. வழியோ பல நாள் நடை. ஒருவன் தில்லையை அடையுமுன் மற்றொருவன், அவன்பின் மற்றொருவன் எனச் சுமப்போர் வரிசை அவ்வழியெங்கும் இடையறாது நின்றிருத்தல் வேண்டும். ஆணையிட்ட நாவிற்கு இவையெல்லாம் தெரிவதில்லை. வழிபாடு வேந்தனுடையது, கழுத்து நோவு ஊராருடையது. இவ்வளவே அவன்பால் உள்ள குற்றம். ஆயின் இது சிறிய குற்றமன்று.

அப்பெயருடைய வேந்தருள் முதல்வனும் கங்கைகொண்டான் எனப் புகழ்பெற்றவனும் ஆகிய முதலாம் இராசேந்திரனது திருவாலங்காட்டுச் செப்பேடு, கங்கைநீரை அக்கரை மன்னர் சுமந்து வருமாறு செய்யப்பட்ட செய்தியைப் பெருமிதத்தோடு கூறுகின்றது. அந்நீர்கொண்டு அமைந்த சோழகங்கம் என்னும் பேரேரியை நீர்மயமான வெற்றித்தூண் என அது புகழ்கின்றது. புனிதநீர் கொணர்தல் பத்திச் செயல். அதனைத் தோற்றவர் தலைமேல் ஏற்றிக் கொணர்தல் ஆற்றலின் காட்சி. இரண்டும் ஒரு குடத்துள் அடங்கின. தலவரலாறு வேறு, சாசனம் வேறு. ஆயினும் வேந்தர் பத்தியில் இக்கலப்பு உண்டென்பதை மாகறல் ஊரார் தம் கதையில் நன்கு உணர்ந்தே வைத்தனர்.

இனி, அவன் விதித்த தண்டத்தை நோக்குக. தெய்விக மரத்தை எரித்தவனை விட்டுவிட்டால் ஆணை என்பது பெயரளவாய் ஒழியும். கொன்றாலோ சுமைநீங்கி மகிழ்ந்த ஊர் முழுதும் அவனை வெறுக்கும். ஆதலின் இரண்டுக்கும் இடைப்பட்டதொன்றைத் தெரிந்தான். அச்சத்தையும் முற்றப் பெறவில்லை. அன்பையும் முற்றப் பெறவில்லை. அதிகாரம் உடையார் பலர் இன்றும் இவ்விடைவழியையே அறிவுடைமை எனக் கருதுவர். அவர்க்கு அப்பொழுதைக்கு இடர் நீங்கும், வினா நீங்காது.

இவ்வினாவை மேனாட்டில் வெளிப்படையாக எழுப்பி விடை கூறியவன் பிளாரன்சு நகரத்து மாக்கியவெல்லி என்பான். 1512 இல் மெதிச்சிக் குடியினர் மீண்டும் ஆட்சியேற்றபொழுது அவன் பதவியிழந்தான். அடுத்த ஆண்டிற் சிறைப்பட்டு வருந்தி வெளிவந்து, அரசர்க்குரிய நெறியைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினான். அவன் இறந்தபின் 1532 இல் அஃது அச்சேறியது. அதன் பதினேழாம் அதிகாரத்தில், அன்பும் அச்சமும் ஒருங்கு எய்தாவிடத்து அஞ்சப்படுதலே அரசற்குப் பாதுகாவல் என்று அவன் முடிவு கூறினான். மாந்தரது அன்பு அவர் கையில் உள்ளது. அச்சமோ அரசன் கையில் உள்ளது என்பது அவன் காட்டிய ஏது. அவனைப் பழிப்போர் பலரும் மறந்துவிடும் ஒன்றுண்டு: அச்சம் வெறுப்பாக மாறுதல் கூடாது என்றும், அதற்குக் குடிகளின் உடைமையிற் கைவையாதிருத்தல் வேண்டும் என்றும் அவனே எச்சரித்தான். அவ்வளவில் அவன் கூற்றில் உலகியலறிவு உண்டு. ஆயின் அன்பையும் அச்சத்தையும் அரசன் தன் இருக்கையை நிலைநிறுத்துதற்குரிய இரண்டு கருவிகளாக வைத்தே அவன் எடைபோட்டான். இருக்கை எதன்பொருட்டு என்னும் வினா அவன் தராசில் ஏறவில்லை.

திருவள்ளுவர் வைத்த முறையோ வேறு. செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் என ஐம்பத்தைந்து முதல் ஐம்பத்தெட்டு முடியவுள்ள நான்கு அதிகாரங்களை அவர் அடுத்தடுத்து நிறுத்தினார். முதற்கண் முறை, அதன்பின் முறை பிறழ்தலின் கேடு, அதன்பின் குடிகள் வெருவும் செயலை விலக்குதல், ஈற்றிற் கண்ணோட்டம். தண்டம் ஓங்கும்பொழுது கடுமை தோன்றலாம், விழும்பொழுது மென்மை வேண்டும் என்பது அவர் கருத்து. கண்ணோட்டத்திற்கும் அவர் ஓர் எல்லை வைத்தார்: செய்யவேண்டிய கருமம் அதனாற் கெடுதல் கூடாது. அன்பு பெறுதலை அரசன் நாடவேண்டிய பயனாக அவர் யாண்டும் வைத்திலர். முறைசெய்து காத்தான்மாட்டு அது தானே வந்து சேர்வதாகவே வைத்தார்.

காஞ்சியிற் பட்டு நெய்வோர் ஒன்று கூறுவர்: பாவினை அளவுகடந்து இழுத்தால் இழை அறும், தளரவிட்டால் நெசவு நெருங்காது. ஆட்சியும் அத்தகையது எனச் சொற்பொழிவாளர் உவமிக்கக் கேட்கலாம். உவமை அழகியதே, ஆயினும் போதாது. நூலுக்கு நோவில்லை. சுமப்பவனுக்கு நோவுண்டு.

சித்தாந்த சைவம் இவ்விடத்து யாது கூறும்? இறைவனுக்குரிய எண்குணங்களுள் பேரருளுடைமை ஒன்று, முடிவிலாற்றலுடைமை ஒன்று. இவ்விரண்டும் அவன்பால் ஒன்றனோடொன்று முரணாமல் நிற்கின்றன. முரணாமைக்குக் காரணம் அவற்றை அடுத்து எண்ணப்படும் வரம்பிலின்பமுடைமையே எனக் கொள்ளுதல் பொருந்தும். குறைவிலா இன்பமுடையான் பிறர்பாற் பெறவேண்டுவது ஒன்றுமில்லை. அவர் அச்சமும் வேண்டா, அவர் புகழ்ச்சியும் வேண்டா. ஆன்மாக்களுக்கோ ஆணவத்தால் எப்பொழுதும் குறை உண்டு. அக்குறை ஒருவன்பால் அடக்கியாளும் வேட்கையாகவும், மற்றொருவன்பால் எல்லாராலும் விரும்பப்படும் வேட்கையாகவும் வெளிப்படும். உலகினர் முன்னதைச் செருக்கு என இகழ்ந்து பின்னதைக் குணம் எனப் போற்றுவர். வேர் ஒன்றே. குடிகள் முகம் மலர்வதற்காகவே முறையை நெகிழ்ப்பவனும் தனக்கொரு வருவாய் தேடுபவனே. அவன் தண்டுவது பொன்னன்று, புகழ்மொழி. அதற்கு அவன் கொடுக்கும் விலையை முறைகேட்டாற் கெடும் எளியோர் செலுத்துகின்றனர்.

இறைவனது முனிவும் கருணையே என்பதனை அருணந்தி சிவாசாரியர் பெற்றோர் மக்களை ஒறுக்கும் உவமையால் விளக்கினார். அறக்கருணை, மறக்கருணை என நம் பெரியோர் பிரித்து வழங்குதல் இதுபற்றியே. இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. திரோதான சத்தி உண்மையில் அருட்சத்தியே. ஆயினும் மலம் பரிபாகமுறும் வரையில் அதனோடு உடன்நின்று அதனைத் தொழிற்படுத்துதலின், அதற்கும் மலம் என்னும் பெயர் உபசாரமாக வழங்குகின்றது. உமாபதி சிவனாரும் அவ்வாறே எண்ணினர். எத்தகைய பெயர் என்று எண்ணுக! உயிர்க்கு நலஞ்செய்யும் சத்தி, அவ்வுயிரின் பகையாகிய மலத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பக்குவம் வருங்காறும் உயிர் அதனை அருள் என அறிவதில்லை. அறியாமையினால் அஃது அருளாது ஒழிவதுமில்லை. விரும்பப்படாமையைப் பொறுத்து நின்று நலஞ்செய்யும் ஆற்றலுக்கு இதனினும் மேற்பட்ட எடுத்துக்காட்டு யாண்டும் இல்லை.

அற்றேல், கொடியோன் ஒவ்வொருவனும் தன் கொடுமையை மறக்கருணை எனக் கூறித் தப்புவானன்றோ எனின், நன்று வினாவினாய். மாகறல் வேந்தனும், ஊராரை அம்பலவாணர் தொண்டிற் புகுத்தி அவர்க்குப் புண்ணியம் தேடித் தந்தேன் என்று கூறியிருக்கலாம். இவ்வாறு கூறுவார் எக்காலத்தும் உளர். அவர்க்கு விடை சித்தாந்தத்தினுள்ளேயே உண்டு. பெற்றோர் உவமை இறைவன்பால் முற்றும் செல்வது அவன் மலமில்லாதவன் ஆகலின். மலமுடைய மாந்தன் ஒருவன், தன் தண்டத்தில் தன் வேட்கை சிறிதும் கலக்கவில்லை என்று தானே சான்று கூறுதல் செல்லாது. நோயாளி தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துச் சுகம் என்றால் மருத்துவர் ஏற்பரோ? ஆகவே, ஆணவமுடைய உயிரின் கையில் அதிகாரம் இருக்கவேண்டுமாயின், அதற்குப் புறத்தே ஓர் அளவு வேண்டும்.

அவ்வளவினை வகுத்தோர் மாகறலுக்கு அயலிலேயே வாழ்ந்தனர். மாகறல் வழியே செல்லும் அச்சாலை சென்றடையும் உத்தரமேரூரில், வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தகனது பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுக்கள் உள்ளன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரியன அவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. வாரியம் செய்தற்குத் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். உள்ளிருப்பது அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு ஓலை எடுப்பித்தனர். அதனை வாங்குவோன் ஐந்து விரலும் அகல வைத்து உள்ளங்கையிலே ஏற்றல் வேண்டும். விரலிடுக்கில் ஒன்றும் ஒளித்தல் கூடாதன்றோ! அகவை முப்பத்தைந்திற்குக் குறையாமலும் எழுபதிற்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். கடந்த மூன்றாண்டில் வாரியம் செய்தவன் மீண்டும் புகுதல் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பொறுப்பின் காலம் 360 நாள். குற்றம் காணப்பட்டவன் அக்காலம் முடியுமுன்னரே நீக்கப்படுவான்.

இவ்விதிகளைக் குடியாட்சியின் தோற்றம் எனப் புகழ்வோர் பலர். அது மிகை, நிலமும் வேதக்கல்வியும் உடைய பிராமணர் சபை அது, உழுவோர்க்கும் மகளிர்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. ஈண்டுக் கருதத்தக்கது வேறு. ஓலை எடுத்தது சிறுவன் கை. ஆகலின் பொறுப்பேற்றவன் தன்னைத் தேர்ந்தார்க்குக் கடன்பட்டவன் அல்லன். விரும்பப்படுதலால் அவன் அதிகாரம் பெறவில்லை. மூன்றாண்டு மீண்டும் புகலாகாது என்றமையின், அடுத்த முறைக்காக எவரையும் மகிழ்விக்கவேண்டும் கட்டாயமும் இல்லை. கணக்குக் காட்டவேண்டுமாகலின் அவன் எவரையும் அச்சுறுத்தி விழுங்கவும் இயலாது. விருப்பத்திற்கும் அதிகாரத்திற்கும் இடையே உள்ள பண்டமாற்றினை அவ்வூரார் இருபுறமும் அடைத்தனர். ஆணவம் என்னும் சொல் அக்கல்வெட்டில் வரவில்லை; அதன் இயல்பை அறிந்தவர் எழுதியது என்பதில் ஐயமில்லை.

புறத்தளவு இவ்வாறாக, அகத்தளவுக்குச் சேக்கிழார் பெருமானை நாடுதல் வேண்டும். அவர் அநபாய சோழனிடத்து அமைச்சுத் தொழில் பூண்டவர். ஆணைக்கும் அன்பிற்கும் உள்ள பிணக்கை அவையிலிருந்து கண்டவர். அவர் கூறும் இடங்கழி நாயனார், கொடும்பாளூரிலிருந்து ஆண்ட குறுநில வேந்தர். அடியார்க்கு அமுதூட்ட நெல்லின்றி அரசர் பண்டாரத்தில் நள்ளிரவிற் புகுந்து பிடிபட்ட தொண்டரை அவர் வினாவினார். காரணம் அறிந்து, இவரே எனக்குப் பண்டாரம் எனக் கூறி, அடியார் அனைவரும் நெற்கூட்டினைக் கொள்ளைகொள்ளுமாறு பறையறைவித்தார். மாகறல் வேந்தனும் அன்பன், இடங்கழியாரும் அன்பர். ஒருவன் இறைவனுக்குக் கொடுத்தது குடிகளின் கழுத்து. மற்றவர் கொடுத்தது தம் களஞ்சியம். அன்றிரவு அரண்மனைக் காவலர் முகத்தில் அவர் ஆணை எளிதாய்த் தோன்றியிருக்கும். அதனை அவர் பொருட்படுத்தவில்லை.

சேரமான் பெருமாள் நாயனாரோ அரசுரிமை தம்மை நாடி வந்தபொழுது உடனே ஏலாது, திருவஞ்சைக்களத்து இறைவனிடம் விண்ணப்பித்தார். அவர்க்கு யாரும் யாவும் கழறுவன அறியும் ஆற்றல் கிடைத்தது. கழறிற்றறிவார் என்னும் பெயர் அதனாலாயது. இதனை அற்புதம் எனக் கேட்டு வியந்து செல்வோர் இதன் பாரத்தை நினைப்பதில்லை. எல்லா உயிரும் கூறுவதைக் கேட்கும் அரசன் தன்னைப் பற்றிய முணுமுணுப்பையும் நாள்தோறும் கேட்டல் வேண்டும். விரும்பப்படுதலே வேண்டுபவனுக்கு அவ்வரம் நரகமாகும். முடிசூடி உலா வந்தவர், உவர்மண் உடலிற் படிந்து வெளுத்துத் தோன்றிய வண்ணானைக் கண்டு திருநீற்றுக் கோலம் என நினைந்து யானையினின்று இறங்கித் தொழுதார். அஞ்சி நடுங்கிய அவனிடம் தம்மை அடிச்சேரன் என்றார். தன் ஆணைக்கு ஆளானவன் முன் அவ்வாறு தாழ வல்லவர்க்குக் கழறுவன அறிதல் தீங்காகாது. மாகறலிற் சுமந்தவர் பெருமூச்சு தில்லைவழி நெடுகிலும் கேட்டிருக்கும். வேந்தன் செவிக்கு எட்டியது மரம் எரிந்த பின்னரே.

காஞ்சியில் ஆண்ட ஐயடிகள் காடவர்கோன் நாயனாரை ஈண்டு ஒரு சொல்லால் நினைந்து செல்லலாம். பிற மன்னர் பணிசெய்ய, குடிகள் மகிழ, இரண்டும் ஒருங்கு வாய்த்த அரிய அரசர் அவர். அவரே அரசாட்சி இன்னல் எனக் கண்டு மகனிடம் ஒப்புவித்துத் தலங்கள்தோறும் வழிபடச் சென்றார். இரண்டும் கிடைத்தவர்க்கும் அவ்விருக்கை இனிதாகவில்லை.

இவையெல்லாம் பழங்கதை எனத் தள்ளற்க. கோயில் நிலத்தைக் குத்தகை கொண்டு ஆண்டுகள் பல நெல் அளவாதவன் அறங்காவலரின் உறவினனாகவோ நண்பனாகவோ இருக்கலாம். அவனிடம் கேட்டால் மனக்கசப்பு. கேளாவிடில் விளக்கிற்கு எண்ணெய் இல்லை. திருவிழாவில் முதல் மரியாதை இருவர்க்கும் வேண்டும். ஒருவர்க்கே அளிக்க இயலும். எல்லார்க்கும் இனியராய் இருந்து சென்ற அறங்காவலர் காலத்துக் கணக்கினை அவர் பின் வந்தவர் திறந்து பார்க்கும்பொழுது அவ்வினிமையின் விலை தெரியவரும். அதற்கு மாறாக, கடுமையே நேர்மை எனக் கொண்டு, அன்னதானத்திற்கு ஆள்வேண்டி ஊர் இளைஞரை மிரட்டித் தொண்டு வாங்குவோரும் உளர். அவர் மாகறல் வேந்தனின் வழியினர். தொண்டு என்னும் பெயரால் தம் ஆணையையே படைக்கின்றனர். 1959 ஆம் ஆண்டுச் சட்டம் கணக்கையும் தணிக்கையையும் வகுத்துளது. முகத்துக்கு அஞ்சும் நெஞ்சிற்குத் தணிக்கை செய்வார் இல்லை.

எஞ்சிய கதை இனிக் கூறப்படும். சிறுவனை நாடு கடத்திய பின் மீண்டுவரும் வழியில், மாகறலில், வேந்தன் பொன்னிற உடும்பு ஒன்றைக் கண்டான். அதனைப் பற்றுமாறு ஏவலரைப் பணித்தான். அஃது ஓடிப் புற்றினுள் மறைந்தது. புற்றினை வெட்டினர்; கருவி உடும்பின் வாலிற் பட்டுக் குருதி பெருகியது. வேந்தன் நடுங்கி வீழ்ந்தான். அங்கே வெளிப்பட்ட சிவலிங்கத்திற்கு அவன் கோயில் எடுப்பித்தான் என்பது வரலாறு. பற்றுக என்னும் ஆணை அவன் நாவில் அத்துணை எளிதாக வந்தது. அன்று காலைவரை கனி சுமக்க என்று வந்தது போலவே. மரம் எரிந்தும், சிறுவன் விடை கூறியும் திருந்தாத அந்நா, தன் ஆணையால் வந்த புண்ணைத் தன் கண்ணாற் கண்ட பின்னரே அடங்கியது. சுமந்தோர் தலையில் அப்புண் முன்னரே இருந்தது. அதனை அவன் பார்த்திலன். இறைவன் அதனைத் தன் திருமேனியில் ஏற்றுக் காட்டினான். அரசனை இறைவன் ஒறுத்ததாகவோ, முனிந்து சபித்ததாகவோ அக்கதையில் இல்லை. ஆற்றல் முடிவில்லாதவன் ஓடி ஒளிந்தான், வெட்டுண்டான்; வெட்டுவித்தவனையே தன் கோயிலைக் கட்டுவோனாகவும் கொண்டான். அடைக்கலங் காத்த நாதர் என்னும் திருநாமத்தில் அடைக்கலம் புகுந்தவர் யாவர், நாடு கடத்தப்பட்ட சிறுவனா, சுமையிற் பிழைத்த ஊராரா, வாளோடு வந்த வேந்தனா என ஆராய்வோர், மூவரையும் அப்பெயரினுள் அடக்குதற்கு இடமுண்டு என்பதைக் காண்பர். தில்லைக்கு அதன்பின் மாகறற் கனி சென்றதில்லை. அதனால் அம்பலத்திற் பூசை குறைவுற்றது என்று அக்கதை கூறுவோர் ஒருவரும் கூறுவதில்லை.